பெருந்தீயின்போது கட்டுப்பாட்டு அறை லாக்: எங்கே பிசகுகிறது, எப்படிச் சரிசெய்வது

சாதாரண நாளில் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையின் லாக், அதாவது நடப்பதை நேரத்தோடு எழுதும் பதிவேடு, ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு குப்பைமேடு, ஒரு கார், ஒரு சமையலறை. அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் என்று நான்கு வரியில் முடிந்துவிடும். ஒரே கட்டடத்திலிருந்து இருபது பேர் ஒரே சமயத்தில் "வெளியே வர முடியல" என்று கூப்பிடும்போதுதான் அந்த லாக் எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

கீழே வருவதெல்லாம் அறிகுறி வாரியான வழிமுறை. உதாரணங்களில் பெரும்பகுதி 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் நடந்த தீயிலிருந்து எடுத்தவை. 72 பேர் இறந்த அந்த இரவில் கட்டுப்பாட்டு அறைக்கும் களத்துக்கும் நடுவே தகவல் எப்படிப் போனது, எங்கே தேங்கியது என்று பொது விசாரணை நிமிடக் கணக்கில் ஆராய்ந்து, 2019 அக்டோபரில் முதல் கட்ட அறிக்கையை வெளியிட்டது. அழைப்பு லண்டன் 999-க்கு வந்தாலும், நம் ஊர் 101-க்கு வந்தாலும், கொழும்பு 110-க்கு வந்தாலும் கோளாறுகள் ஒரே மாதிரிதான்.

எந்தக் கோளாறைத் தேடும்போதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வரியை அடுத்த ஐந்து நிமிடத்தில் யார் படித்து என்ன செய்யப்போகிறார்? பதில் சொல்ல முடியாவிட்டால் படிவம் தப்பு. பின்னால் வரப்போகும் விசாரணைக்காக என்று நினைத்து எழுதும் லாக், அந்த விசாரணைக்கும் உதவுவதில்லை.

அறிகுறி 1: ஒரே வீடு மூன்று இடத்தில் பதிவாகியிருக்கிறது, மூன்றிலும் ஆள் கணக்கு வேறு

காரணம்: அழைப்பு வாரியாகப் பதிகிறீர்கள், இடம் வாரியாக அல்ல. உள்ளே இருக்கும் அம்மா இரண்டு முறை கூப்பிடுகிறார். வெளியே நிற்கும் தம்பி ஒரு முறை. வேறு ஊரில் இருக்கும் சித்தப்பா ஒரு முறை. நான்கு ஆபரேட்டர்கள், நான்கு பதிவுகள். போதாததற்கு, உள்ளே இருப்பவர்கள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. புகை வந்தால் எதிர் வீட்டுக்குப் போவார்கள், மேல் மாடிக்கும் போவார்கள். கிரென்ஃபெல்லில் 14-ஆம் மாடியின் 113-ஆம் வீட்டில், வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த எட்டுப் பேர் கூடியிருந்தார்கள்.

அந்த 113 என்ற எண்ணையே பாருங்கள். கேட்பவர் காதில் அது "11-ஆம் மாடி, 3-ஆம் வீடு" என்று விழும். ஆனால் அந்தக் கட்டடத்தில் மேல்மாடிகளின் வீட்டு எண்கள் பத்துப் பத்தாகப் போயின: 4-ஆம் மாடியில் 11 முதல் 16 வரை, 14-ஆம் மாடியில் 111 முதல் 116 வரை, 23-ஆம் மாடியில் 201 முதல் 206 வரை. வீட்டு எண்ணை மட்டும் வைத்து மாடியை ஊகித்தால், மூச்சுக்கருவியோடு புகைக்குள் ஏறும் குழு மூன்று மாடி கீழேயே தேடிக்கொண்டிருக்கும்.

சரிசெய்ய:

1. கட்டடத்துக்கு ஒரு மாடிப் பலகை போடுங்கள். மேல் மாடி மேலே, தரைத்தளம் கீழே. மாடிக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு ஒரு கட்டம்.
2. சிக்கியிருக்கும் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு வரிசை எண். யார் கூப்பிட்டாலும் எத்தனை முறை கூப்பிட்டாலும் அந்த எண்ணின் கீழேதான் எழுத வேண்டும்.
3. மாடியையும் வீட்டு எண்ணையும் இரண்டு தனிக் கேள்விகளாகக் கேளுங்கள். பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். "எந்த வீடு?" என்று ஒரே கேள்வியில் முடித்தால் பாதித் தகவல்தான் கிடைக்கும்.
4. இடம் மாறினால் பழைய வரியை அழிக்காதீர்கள். "02:04, 17-ஆம் எண் குழு 21-ஆம் எண் குழுவோடு சேர்ந்தது" என்று புதிய வரி எழுதி, பலகையில் அம்புக்குறி போடுங்கள்.
5. புது அழைப்பு வந்ததும் எண் கொடுக்கும் முன் பலகையை ஒரு முறை பார்ப்பது கட்டாயம். எண் கொடுக்கும் வேலை ஒரே ஒருவரிடம் இருக்கட்டும்.

ஆள் கணக்கில் தமிழில் ஒரு வம்பு உண்டு. "நாங்க அஞ்சு பேர்" என்றால் பேசுபவரும் சேர்த்தி. "வீட்ல அஞ்சு பேர் இருக்காங்க" என்றால் சேர்த்தியா இல்லையா, தெரியாது. "உங்களையும் சேர்த்து எத்தனை பேர்?" என்ற கேள்வியைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

வழக்கமாகக் காணும் பதிவு இப்படி இருக்கும்: "14வது மாடி, குடும்பம், புகை அதிகம், தகவல் சொல்லியாச்சு."

இருக்க வேண்டியது (எண்களும் நேரங்களும் மாதிரிக்கு): "எண் 17. முதல் அழைப்பு 01:38, கடைசிப் பேச்சு 01:52. மாடி 14, வீடு 113. பெரியவர் 2, குழந்தை 1 (4 வயது), பேசுபவரையும் சேர்த்து 3. ஒருவருக்கு நடக்க முடியாது. படுக்கையறையில், கதவு மூடி, கீழ் இடுக்கில் துணி. வீட்டுக்குள் லேசான புகை, நடைபாதையில் கரும்புகை. சொன்ன அறிவுரை: உள்ளேயே இருங்கள். கைபேசி எண், பேட்டரி 20 சதவீதம். ஆபரேட்டர் 4."

புகை வீட்டுக்குள்ளா நடைபாதையிலா என்பதைத் தனித்தனியாக எழுதுவது முக்கியம். வெளியேறச் சொல்லலாமா கூடாதா என்று பிறகு முடிவெடுப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.

அறிகுறி 2: லாகில் "தெரிவிக்கப்பட்டது" என்று இருக்கிறது, களத்தில் யாருக்கும் தெரியாது

எல்லாக் கோளாறிலும் ஆபத்தானது இதுதான். "தெரிவிக்கப்பட்டது" என்ற சொல் யாரிடம், எப்போது, எதன் வழியாக, அவர் காதில் விழுந்ததா என்ற நான்கையும் மறைத்துவிடுகிறது.

கிரென்ஃபெல்லில் தகவல் போன பாதை இது: ஆபரேட்டர் கேட்டதைக் குறித்தார், அது வயர்லெஸ்ஸிலும் போனிலும் களத்திலிருந்த கமாண்ட் வண்டிக்குப் போனது, அங்கே மறுபடி காகிதத்தில் எழுதப்பட்டது, அந்தத் துண்டுச் சீட்டை ஒருவர் கட்டடத்துக்குள் கொண்டு ஓடினார், குழுக்களை மேலே அனுப்பும் முன்தளத்தில் அது சுவரில் எழுதப்பட்டது. ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு எண் மாறலாம், ஒரு சீட்டு விழலாம். எதிர்த்திசையிலோ ஏறக்குறைய ஒன்றுமே திரும்பவில்லை. எந்த வீட்டுக்கு ஆள் போனார்கள், எந்த வீட்டை அடைய முடியவில்லை என்பது போன் பிடித்திருந்தவர்களுக்குத் தெரியாது.

சரிசெய்ய, ஒவ்வொரு எண்ணுக்கும் நான்கு நேரக் கட்டங்கள் வையுங்கள்: கேட்டது, அனுப்பியது, களம் திருப்பிச் சொன்னது, முடிவு வந்தது. மூன்றாவது கட்டத்தை நிரப்ப "சரி, கிடைச்சுது" போதாது. எண், மாடி, வீடு, ஆள் தொகை நான்கையும் எதிர்முனையில் இருப்பவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்தில் மூன்றாவது கட்டம் நிரம்பாவிட்டால் மறுபடி அனுப்புங்கள். இதைக் கவனிக்க ஒருவரை நியமியுங்கள், அவர் அழைப்பு எடுக்கக் கூடாது.

முடிவுக் கட்டத்துக்கு நான்கே சொற்கள்: மீட்டாச்சு. தேடியாச்சு, ஆள் இல்லை. போய் முடியவில்லை. இன்னும் ஆள் போகவில்லை. இவற்றில் களம் சொல்லத் தயங்குவது "போய் முடியவில்லை" என்பதை. கட்டுப்பாட்டு அறைக்கு மிக அவசரமாகத் தேவைப்படுவதும் அதுவே. அது வராத வரை ஆபரேட்டர் "ஆள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார், உள்ளே இருப்பவரும் அதை நம்பிக் காத்திருப்பார். 2009-இல் லண்டன் லக்கனால் ஹவுஸ் தீயில் ஆறு பேர் இறந்ததற்குப் பிறகே இந்த ஆபத்து தெரிந்திருந்தது. எட்டு ஆண்டு கழித்து மறுபடி நடந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பதிவது முன்தளத்திலும் கமாண்ட் வண்டியிலும் அதே நொடியில் திரையில் தெரியும் மின்னணு முறை வேண்டும் என்பது விசாரணையின் பரிந்துரைகளில் ஒன்று. அதற்குப் பணம் ஒதுக்கும் வரை: இரு முனையிலும் ஒரே மாதிரி அச்சிட்ட மாடிப் பலகை, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரு பலகையையும் போட்டோ எடுத்துப் பரிமாறிக்கொள்வது. வித்தியாசம் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

அறிகுறி 3: அறிவுரை மாறிவிட்டது, யாருக்குப் பழைய அறிவுரை சொன்னோம் என்று தெரியவில்லை

கிரென்ஃபெல்லின் முதல் அழைப்பு 00:54-க்கு. "உள்ளேயே இருங்கள்" என்ற அறிவுரை கட்டுப்பாட்டு அறையில் ஏறத்தாழ 02:35-க்கு மாறியது. களத்தில் அதைக் கைவிடும் முடிவு 02:47-க்கு எடுக்கப்பட்டது. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல. 01:30-க்கும் 01:50-க்கும் நடுவிலேயே அதைச் செய்திருக்க முடியும், செய்திருக்க வேண்டும் என்றது விசாரணை.

அறிவுரை மாறும் கணத்தில் லாக் இரண்டு வேலை செய்ய வேண்டும்.

முதலாவது, முடிவையே பதிவது. என்ன முடிவு, யார் எடுத்தார், மணி என்ன, அந்த நேரத்தில் கையில் இருந்த தகவல் என்ன, யார் யாருக்குச் சொன்னது. ஐந்து வரி. தகவல் என்ன என்ற வரியைத் தவறவிட்டால், பின்னால் தெரிந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை எடை போடும் நிலை வரும், அதை எழுதிய அதிகாரியாலேயே விளக்க முடியாது.

இரண்டாவது, திரும்பக் கூப்பிட வேண்டியவர்களின் பட்டியல். "சொன்ன அறிவுரை" என்ற கட்டம் ஒவ்வொரு எண்ணிலும் நிரம்பியிருந்தால், பழைய அறிவுரை கேட்டுவிட்டு லைனை வைத்தவர்களை ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம். மேல் மாடியிலிருந்து வரிசையாகக் கூப்பிடுங்கள் என்பது பலர் சொல்வது. எங்கள் கருத்தில், கடைசிப் பேச்சில் வீட்டுக்குள் புகை என்று சொன்னவர்களே முதலில். ஒவ்வொருவருக்கும் மூன்று முறை முயற்சி, ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம், பதில் இல்லையென்றால் அதுவும் ஒரு பதிவு, அது உடனே களத்துக்குப் போக வேண்டும்.

புதிய வாசகத்தை அப்படியே எழுதிப் பலகையில் தொங்கவிடுங்கள். ஒரு ஆபரேட்டர் "முடிஞ்சா வெளியே வாங்க" என்றும் இன்னொருவர் "உடனே வெளியே வாங்க" என்றும் சொன்னால், லாகில் இரண்டும் "வெளியேறச் சொல்லப்பட்டது" என்றே இருக்கும்.

அறிகுறி 4: நேரங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை

வண்டி கிளம்பிய பிறகு அழைப்பு வந்ததாக லாக் காட்டினால், யாரும் பொய் எழுதவில்லை, கடிகாரங்கள்தான் வேறு. குரல் பதிவுக் கருவி, வண்டி அனுப்பும் மென்பொருள், வயர்லெஸ் பதிவு, சுவர்க் கடிகாரம், அதிகாரியின் கைக்கடிகாரம் என்று ஒரு அறையில் ஐந்து நேரம் ஓடும்.

எல்லாக் கருவியும் ஒரே நேரச் சர்வரைப் பார்க்கட்டும். அதோடு நிறுத்த வேண்டாம், ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் ஒரு சோதனை அழைப்பு செய்து "இப்போது மணி 08:00:00" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த அழைப்பு ஒவ்வொரு கருவியிலும் என்ன நேரத்தில் பதிந்தது என்று பார்த்து, வித்தியாசத்தை நொடிக் கணக்கில் லாகின் முதல் வரியாக எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

சில கருவிகள் கோப்பை உலகப் பொது நேரத்தில்தான் வெளியே தரும். ஜூன் மாதத்து லண்டன் அதைவிட ஒரு மணி முன்னால், எனவே 14-ஆம் தேதி 00:54 அழைப்பு 13-ஆம் தேதி 23:54 என்று வந்து நிற்கும். நமக்கு ஐந்தரை மணி வித்தியாசம், தேதி மாறும் வாய்ப்பு இன்னும் அதிகம். கோப்பின் தலைப்பிலேயே எந்த நேரம் என்று எழுதுங்கள்.

கையால் எழுதும் வரிகளில் நிகழ்ந்த நேரமும் எழுதிய நேரமும் தனித்தனி. தாமதமாக எழுதுவது குற்றமில்லை, தாமதத்தை மறைப்பதுதான் சிக்கல்.

அறிகுறி 5: மேற்பார்வையாளர் லாகில் நாற்பது நிமிட இடைவெளி

அழைப்பு குவிந்தபோது அவரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். கிரென்ஃபெல் இரவிலும் மேற்பார்வையாளர்கள் அழைப்புகளில் மூழ்கினார்கள், முழுப் படத்தைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. மனித இயல்பு அது, போன் அடிக்கும்போது எடுக்காமல் இருக்க மனசு வராது. அதனால் விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: ஒரே கட்டடத்திலிருந்து சிக்கியவர்களின் அழைப்பு ஐந்தைத் தொட்டதும் ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றி லாக் எழுத உட்கார வேண்டும். ஐந்து என்பது உங்கள் அறையில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து மாறலாம், ஆனால் ஒரு எண் இருந்தே தீர வேண்டும். லாக் எழுதுபவரைத் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். மாற்றும்போது திறந்திருக்கும் எண்களைப் பழையவர் உரக்கப் படிக்க, புதியவர் டிக் போட, இருவரும் கையெழுத்திட வேண்டும்.

அறிகுறி 6: போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றும் மூன்று கதை சொல்கின்றன

கிரென்ஃபெல்லைப் பெருநிகழ்வு (எல்லாச் சேவைகளும் சேர்ந்து இயங்க வேண்டிய பெரிய ஆபத்து) என்று லண்டன் போலீஸ் 01:26-க்கு அறிவித்தது. தீயணைப்புத் துறை 02:06-க்கு. ஆம்புலன்ஸ் 02:26-க்கு. அறிவித்தபோது ஒருவர் மற்றவருக்குச் சொல்லவில்லை. மூன்று லாகிலும் அந்த வரி சரியாகவே இருக்கிறது, அதுதான் வேதனை.

அதற்கு மூன்று வாரம் முன்பு, மே 22 அன்று மான்செஸ்டர் அரீனா குண்டுவெடிப்பு 22:31-க்கு. தீயணைப்பு வண்டிகள் அங்கே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மற்ற சேவைகள் அரீனாவில் என்ன செய்கின்றன என்ற முக்கியத் தகவல்கள் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தும், முடிவெடுக்க வேண்டிய தீயணைப்பு அதிகாரிகளுக்குப் போய்ச் சேரவில்லை.

சரிசெய்ய: வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இது யாருக்கு வேண்டும்" என்ற கட்டம். காலியாக விட முடியாதபடி மென்பொருளில் கட்டாயமாக்குங்கள். மூன்று அறைகளுக்கும் நடுவே பெயர் குறித்த ஒரே தொடர்பாளர், எப்போதும் திறந்த ஒரே லைன். பிரிட்டனில் மூன்று சேவையும் பயன்படுத்தும் ஏழு வரிச் செய்தி வடிவத்துக்கு 'மெத்தேன்' என்று பெயர், அந்த வாயுவோடு சம்பந்தமில்லை, ஆங்கில முதலெழுத்துகள்தான்: பெருநிகழ்வா, துல்லியமான இடம், வகை, ஆபத்துகள், போகும் வழி, பாதிக்கப்பட்டோர், வந்திருக்கும் மற்றும் வேண்டிய சேவைகள். தெரியாத வரியில் "தெரியாது" என்று எழுதி அனுப்புங்கள். எல்லாம் தெரிந்த பிறகு அனுப்பலாம் என்று வைத்திருந்தால் அது போகவே போகாது.

அறிகுறி 7: வேறு ஊர்க் கட்டுப்பாட்டு அறை எடுத்த அழைப்புகள் கணக்கில் வரவில்லை

லைன்கள் நிரம்பினால் அழைப்பு பக்கத்து மாவட்டங்களுக்குப் போகும். அன்று எஸ்ஸெக்ஸ், கென்ட், சர்ரே அறைகளும் கிரென்ஃபெல் அழைப்புகளை எடுத்தன. தூரத்து ஆபரேட்டருக்குக் கட்டடமும் தெரியாது, அறிவுரை மாறியதும் தெரியாது. உங்கள் படிவத்தின் நகலை இன்றே அவர்களிடம் கொடுத்து வையுங்கள். அவர்களுக்கென்று 500-இலிருந்து தொடங்கும் வரிசை எண்களை ஒதுக்குங்கள், மோதல் வராது. தகவலை வாங்க உங்கள் பொது அவசர எண் உதவாது, தனி எண் ஒன்று வேண்டும். அறிவுரை மாறினால் முதலில் சொல்ல வேண்டியவர்களில் அவர்களும் உண்டு.

அறிகுறி 8: திரை உறைந்துவிட்டது, அல்லது மாற்று அறையில் வேலை

லண்டன் அறை அன்றிரவு வழக்கமான மெர்ட்டனில் இல்லை, மாற்று இடமான ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து இயங்கியது. மாற்று அறை என்றால் தரம் குறைந்த அறை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு அறையிலும் ஒரே பெட்டி இருக்கட்டும்: முன்பே எண்ணிட்ட மூன்று நகல் படிவம் 200, ஆறடி மாடிப் பலகை ஒன்று, அழியாத மையில் எழுதும் பேனா 20, பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்று, முக்கியத் தொலைபேசி எண்கள் அச்சிட்ட தாள். மாதம் ஒரு நாள் ஒரு மணி நேரம் கணினியை அணைத்துக் காகிதத்திலேயே ஓட்டிப் பாருங்கள். கணினி திரும்பியதும் காகித வரிகளை ஏற்றும்போது படிவ எண்ணையும் சேர்த்து ஏற்றுங்கள், காகிதத்தைக் கிழிக்காதீர்கள்.

அறிகுறி 9: மறுநாள் காலை பலகை வெள்ளையாக இருக்கிறது

யாரோ நல்லெண்ணத்தில் துடைத்துவிட்டார். துடைப்பதற்கு முன் போட்டோ என்பதைப் பலகையின் மேல் விளிம்பிலேயே எழுதி ஒட்டுங்கள், சுத்தம் செய்பவருக்கும் சொல்லுங்கள். அதிகாரிகள் சொந்தக் கைபேசியில் பேசியதும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் குரல் பதிவுக் கருவிக்குத் தெரியாது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் முன் அவற்றின் நேரத்தையும் சாரத்தையும் எழுதி வாங்குங்கள், ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள்.

திருத்தம் வேண்டுமானால் ஒரே ஒரு கோடு, பழையது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் முதலெழுத்தும் நேரமும். வெள்ளைத் திரவத்தை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். குரல் பதிவுக் கருவி பழையதைத் தானாக அழித்துக்கொண்டே வரும். அந்த நாளின் பதிவுகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பூட்டுப் போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள். துண்டுச் சீட்டுகளைக் குப்பைக்கூடையிலிருந்தும் பொறுக்கி எடுத்து, எந்த மேஜையில் கிடைத்தது என்று எழுதி உறையில் போட்டு ஒட்டுங்கள்.